யாரும் நகலெடுக்க முடியாத பெட்டி

1960களின் இறுதியில் ஜப்பானின் ஹயகாவா எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மசாயுகி உவேமுரா என்ற இளம் பொறியாளர் இருந்தார். வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் ஒளிமின்கலங்களை விற்பது அவர் வேலை. அப்போது சந்தையில் அந்தச் சரக்குக்குப் பெரிய கிராக்கி இல்லை. வாடிக்கையாளர் தேடி அவர் போன இடங்களில் ஒன்று, கியோட்டோ நகரத்துச் சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889 முதல் பூப்படம் போட்ட சீட்டுகளை அச்சடித்துவந்த அந்த நிறுவனத்தின் பெயர் நின்டெண்டோ. சீட்டு விற்கும் ஆட்களுக்கு ஒளிமின்கலம் எதற்கு?

அங்கே கொஞ்சம் விசித்திரமான முதலாளி இருந்தார். ஹிரோஷி யமாவுச்சி. தாத்தா நோய்வாய்ப்பட்டதால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதிலேயே தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர். சீட்டை மட்டும் நம்பினால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று புரிந்துகொண்டு, டாக்ஸி ஓட்டிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றினால் சோறாகும் பொட்டலம் விற்றுப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது, சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்த குன்பேய் யோகோய் பொழுதுபோகாமல் செய்துவைத்த ஒரு நீளும் கை பொம்மை. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார் யமாவுச்சி. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த யோகோயின் கண்ணில்தான் உவேமுரா கொண்டுவந்த ஒளிமின்கலம் பட்டது.

அது துப்பாக்கி விளையாட்டுக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. துப்பாக்கியிலிருந்து ஒளிக்கீற்று பாயும். இலக்கில் பதித்த கலத்தில் அது விழுந்தால் பொம்மை பாட்டில் சிதறும். 1970இல் வெளிவந்த இந்த ஒளித்துப்பாக்கி பிள்ளைகளிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. கொஞ்ச காலத்தில் உவேமுராவும் பழைய வேலையை உதறிவிட்டு நின்டெண்டோவில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த வேளை சரியில்லை என்று சொல்லும்படி நடந்தது அடுத்த சம்பவம்.

ஜப்பானில் பௌலிங் மோகம் ஓய்ந்து, நீளமான ஆட்டக்கூடங்கள் ஈயாடிக்கொண்டிருந்தன. அவற்றை வளைத்துப்போட்டு, திரையில் பறக்கும் தட்டுகளை ஒளித்துப்பாக்கியால் சுடும் கூடங்களாக மாற்றினார் யமாவுச்சி. 1973இல் திறப்பு விழா. பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். கருவி மக்கர் செய்கிறது. கென்யோ தகேதா என்ற பொறியாளர் திரைக்குப் பின்னால் நுழைந்து, தட்டுகளையும் புள்ளிகளையும் கையாலேயே இயக்கி மானத்தைக் காப்பாற்றினார். தொழில் சூடுபிடித்து, ஆர்டர்கள் குவிந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. வந்த ஆர்டர்கள் வந்த வழியே ரத்தாயின. கம்பெனி கழுத்துவரை கடனில் மூழ்கியது.

கடனை அடைக்க ஏதாவது மலிவாகச் செய்தாக வேண்டும். 1977இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக்குடன் சேர்ந்து, டிவியோடு இணைத்து ஆடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, அதுதான் டென்னிஸ். விற்பனை நன்றாகவே இருந்தது. ஆனால் பெட்டிக்குள் என்ன வைத்து அனுப்பினார்களோ அதைத்தான் ஆட முடியும். ஆறு விதமாக ஆடிச் சலித்தபின் அந்தப் பெட்டிக்கு அலமாரிதான் கதி. இந்தக் குறைக்கு விடை, யாரும் எதிர்பாராத ஒரு தோல்வியிலிருந்து கிளம்பி வந்தது.

அமெரிக்காவில் நின்டெண்டோ கிளையை நடத்திவந்தவர் யமாவுச்சியின் மருமகன் மினோரு அரகாவா. கடைகளில் காசு போட்டு ஆடும் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற இயந்திரத்தில் 3,000 வரவழைத்தார். கப்பல் வந்து சேர்வதற்குள் மவுசு போய்விட்டது. 1,000 போக மீதி 2,000 கிடங்கில் தூங்கின. அவற்றின் வயிற்றைக் கிழித்து வேறொரு ஆட்டத்தைத் திணித்து விற்றுவிடலாம் என்று முடிவானது. கணினி நிரல் எழுதத் தெரியாத, படம் வரையத் தெரிந்த ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் அந்தப் பொறுப்பு போனது. பீப்பாய் உருட்டும் கொரில்லா, அதன் பிடியில் ஒரு பெண், ஏணியேறிக் காப்பாற்றத் துடிக்கும் மீசைக்காரத் தச்சன் என்று அவர் கற்பனை செய்தார். 1981இல் வந்த அந்த ‘டாங்கி காங்’ கம்பெனியின் கஜானாவை நிரப்பியது. கையில் பணம் சேர்ந்ததும் யமாவுச்சிக்குப் பழைய ஆசை மறுபடி துளிர்த்தது.

1981 நவம்பரில் ஒருநாள் மாலை உவேமுராவின் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. மறுமுனையில் முதலாளி. கேசட் மாற்றி மாற்றி ஆடக்கூடிய ஒரு டிவி விளையாட்டுப் பெட்டி செய்ய வேண்டுமாம். இரண்டு மடக்கு உள்ளே போனால் ஊழியர்களுக்குப் போன் போடுவது அவருக்கு வழக்கம் என்பதால், உவேமுரா ‘சரி’ என்று சொல்லிவிட்டு அதை மறந்தும் போனார். மறுநாள் காலை அலுவலகத்தில் முழுத் தெளிவோடு எதிரே வந்து நின்ற யமாவுச்சி, நேற்றுச் சொன்ன வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். உவேமுராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி நிபந்தனைகள் வேறு வைத்திருந்தார்: விலை மலிவாக இருக்க வேண்டும், போட்டிக் கம்பெனி எதுவும் குறைந்தது ஓராண்டுக்காவது நகலெடுக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? சந்தையில் இருந்த போட்டிப் பெட்டிகளை எல்லாம் வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார் உவேமுரா. சிப்புகளின் மேல்தோலைக் கரைத்து, உள்ளே ஓடும் சர்க்யூட்டைப் படமெடுத்துப் பார்த்தார். மாதங்கள் ஓடின. கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. எல்லாம் பழைய தொழில்நுட்பம். கடையில் ஆடும் டாங்கி காங் அதே அழகோடு வீட்டு டிவியில் ஓட வேண்டும் என்றால் புதிதாக ஒரு சிப்பைத்தான் வடிக்க வேண்டும். சிப் தயாரிப்பாளர்களிடம் போனால், ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் பழைய பழக்கம் ஒன்று கதவைத் திறந்தது.

மிட்சுபிஷியில் இருந்தபோது நின்டெண்டோவோடு வேலை செய்த ஒருவர் ரிக்கோ நிறுவனத்துக்கு மாறியிருந்தார். நகலெடுக்கும் இயந்திரங்களுக்குப் பேர்போன ரிக்கோ புதிதாகச் சிப் தொழிற்சாலை கட்டியிருந்தது. ஆனால் அதற்குப் போதிய வேலை இல்லை. இயந்திரங்கள் சும்மா கிடப்பதைவிட ஏதாவது ஓடினால் சரி என்ற நிலை. டாங்கி காங் வீட்டுக்கு வரப்போகிறது என்றதும் அங்கிருந்த இளம் பொறியாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். கூட்டணி கூடிவந்தது. சிப் ஒன்றுக்கு 2,000 யென்தான் தர முடியும் என்று யமாவுச்சி சொன்னபோது அந்த உற்சாகம் அப்படியே உறைந்துபோனது.

அந்த விலைக்குக் கட்டுப்படியே ஆகாது என்றது ரிக்கோ. யமாவுச்சி அசரவில்லை, இரண்டு ஆண்டுகளில் 30 லட்சம் சிப்புகள் வாங்கிக்கொள்வதாக உத்தரவாதம் கொடுத்தார். இன்னும் வடிவம்கூடப் பெறாத ஒரு பெட்டிக்கு 30 லட்சம்! சொந்தக் கம்பெனிக்காரர்களே வாயடைத்துப் போனார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை ரிக்கோவின் வாயையும் அடைத்துவிட்டது. விலை படிந்தது. அடுத்த சிக்கல் சிப்பின் மூளைக்குள் இருந்தது.

அன்றைய ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பழக்கமான செயலி இசட்80. ரிக்கோவோ 6502 என்ற அமெரிக்கச் செயலியைப் பரிந்துரைத்தது. 1975இல் மிக மலிவாக வந்து, ஆப்பிள் 2 போன்ற கணினிகளை ஓட்டிக்கொண்டிருந்தது அது. சிப்பில் அது பிடிக்கும் இடம் மிகக் குறைவு. மிச்சமாகும் இடத்தில் ஒலி எழுப்பும் பகுதியையும் சேர்த்துவிடலாம். நின்டெண்டோவில் அதைப் பற்றி அறிந்தவர்கள் இல்லாதது பெரிய தலைவலி. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதிலேயே ஒரு லாபமும் ஒளிந்திருந்தது. நமக்கே தெரியாத சிப் என்றால், நகலெடுக்க நினைக்கும் போட்டியாளனுக்கும் தெரியாதே! முதலாளியின் ஓராண்டு நிபந்தனைக்கு அந்த அறியாமையே பூட்டானது. நினைவகம் விலை கூடுதல் என்பதால் வெறும் 2 கிலோபைட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். விசைப்பலகை, வட்டு இயக்கி என்று திட்டத்தில் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

கையில் பிடிக்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அடுத்த இழுபறி. அந்தக் காலத்தில் டிவி ஆட்டம் என்றாலே நட்டுவைத்த குச்சிதான், அதாவது ஜாய்ஸ்டிக். ஜப்பானிய வீடுகளில் பிள்ளைகள் ஆடுவதோ தரையில் உட்கார்ந்து. ஓடும் அவசரத்தில் குச்சியை மிதித்தால் குச்சியும் முறியும், காலும் பதம்பார்க்கப்படும். தீர்வு அடுத்த மேஜையிலேயே கிடந்தது. ரயிலில் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிப் பொழுதுபோக்கிய ஒரு பயணியைப் பார்த்து யோகோய் உருவாக்கிய கையடக்க விளையாட்டுகளில், 1982இல் சிலுவை வடிவத்தில் ஒரு பொத்தான் வந்திருந்தது. கட்டைவிரலை நகர்த்தாமலே நான்கு திசையிலும் அழுத்தலாம். சக பொறியாளர் தகாவோ சவானோ அந்தப் பொத்தானைக் கழற்றி, சோதனைப் பெட்டியில் கம்பி இணைத்து ஆடிப் பார்த்தார். பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே விரல் பழகிவிட்டது. குச்சியின் கதை அத்தோடு முடிந்தது.

மற்ற அலங்காரங்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது. ஆட்டம் அடங்கிய கேசட்டை ஒலிநாடா கேசட் அளவுக்குச் சுருக்கினார்கள். கன்ட்ரோலர்களைத் தனியே கழற்றும்படி வைத்தால் செலவு கூடும் என்று கம்பியோடு பெட்டியிலேயே பூட்டிவிட்டார்கள். இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் முளைத்தது. கேசட்டைக் கையாலேயே உருவிவிடலாம் என்றாலும், நெம்பினால் அதைத் துள்ளவைக்கும் ஒரு நெம்புகோலையும் வைத்தார் உவேமுரா. ஆட்டம் ஓடாத நேரத்திலும் பிள்ளைகள் எதையாவது இழுத்து விளையாடட்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். நிறத்தை முடிவு செய்தவர் முதலாளி: வெள்ளைப் பெட்டி, அதன்மேல் கருஞ்சிவப்பு. பெயர் மட்டும் இன்னும் அமையவில்லை.

வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தபோது உவேமுராவின் மனைவி ‘ஃபேமிகாம்’ என்று சொன்னார். குடும்பமே ஆடும் கம்ப்யூட்டர். எல்லோருக்கும் பிடித்துப்போனது. பதிவு செய்யப் போனால் அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு மின் அடுப்புக்கு வேறொருவர் பதிந்துவைத்திருந்தார். அந்த வேறொருவர் ஷார்ப் நிறுவனம். பெயர் மாற்றிக்கொள்வதற்கு முன் அதுதான் ஹயகாவா எலெக்ட்ரிக், உவேமுரா உதறிவிட்டு வந்த அதே கம்பெனி! ஆகவே பெட்டியின் மேல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்று நீட்டி எழுதினார்கள். மக்கள் வாயில் என்னவோ ஃபேமிகாம்தான் நின்றது.

வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், வெளிநாட்டு விற்பனை உரிமையை அன்றைய வீடியோ கேம் உலகின் சக்கரவர்த்தியான அடாரி நிறுவனத்திடம் கொடுத்துவிட யமாவுச்சி பேசி முடித்திருந்தார். 1983 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் கையெழுத்தாக வேண்டும். அங்கே வேறொரு கம்பெனியின் கணினியில் டாங்கி காங் ஓடுவதைப் பார்த்த அடாரிக்காரர்கள், கணினி உரிமை தங்களுடையது என்று கொதித்தார்கள். கையெழுத்து தள்ளிப்போனது. அதற்குள் அடாரியின் தலைவர் பதவியிழந்தார். நிறுவனமே ஆட்டம் கண்டது. ஒப்பந்தம் காற்றோடு போனது. அன்று மட்டும் அந்தத் தாளில் பேனா பட்டிருந்தால், ஃபேமிகாமின் வெளிநாட்டு வாழ்க்கை அடாரியின் கிடங்கிலேயே முடிந்திருக்கக்கூடும்.

1983 ஜூலை 15. விலை 14,800 யென். டாங்கி காங், அதன் அடுத்த பாகம், பாப்பாய் என்று மூன்று கேசட்டுகளோடு ஃபேமிகாம் கடைக்கு வந்தது. அதே நாளில், 200 யென் மட்டுமே கூடுதலான விலையில், சேகா நிறுவனமும் தன் பெட்டியை இறக்கியது. போட்டியை விழுங்கிவிடலாம் என்று நினைத்திருந்த வேளையில் வேறிடத்தில் இடி விழுந்தது. ஆட்டத்தின் நடுவே படம் உறைந்து நிற்கிறது என்று புகார்கள் வரத் தொடங்கின. சிப்பில் கோளாறு. கூடவே, சதுர ரப்பர் பொத்தான்கள் அழுத்திய வேகத்தில் சிக்கிக்கொண்டு எழ மறுத்தன.

புத்தாண்டு விற்பனைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கெட்டதை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம் என்று மற்றவர்கள் யோசிக்க, விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார் யமாவுச்சி. சர்க்யூட் பலகையே மாற்றப்பட்டது. சதுரப் பொத்தான்கள் வட்ட பிளாஸ்டிக்காயின. பெருத்த நஷ்டம். ஆனால் கடைக்காரர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1984இல் ஜப்பானியக் கடைகளில் ஃபேமிகாம் முதலிடத்துக்கு ஏறியபோது, பழைய ஒளிமின்கலமும் அதனுள் புகுந்துகொண்டது.

அந்த ஆண்டில் வந்த ஒளித்துப்பாக்கியும் ‘டக் ஹன்ட்’ ஆட்டமும் பழைய தத்துவத்தைத் தலைகீழாகத் திருப்பின. 1970இல் துப்பாக்கி ஒளியைக் கக்கியது. இப்போது துப்பாக்கி ஒளியை வாங்கிக்கொண்டது. விசையை அழுத்தியதும் ஒரு கணம் திரை முழுக்க இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் உணரியில் அந்த வெண்மை பட்டால் வாத்து விழும். படாவிட்டால் நாய் எழுந்து சிரிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த வித்தை சுடுபவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை சரக்கோடு அமெரிக்கா போனால் வரவேற்பு எப்படி இருக்கும்?

செருப்படிதான் கிடைத்தது. தரமற்ற ஆட்டங்கள் குவிந்ததில் அமெரிக்காவின் வீடியோ கேம் சந்தை 1983இல் சரிந்து, விற்காத கேசட்டுகளை அடாரி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய்ப் புதைத்திருந்தது. ‘வீடியோ கேம்’ என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் வாசலைக் காட்டினார்கள். விசைப்பலகையும் கம்பியில்லா கன்ட்ரோலரும் சேர்த்துக் கணினி வேஷத்தில் 1985 ஜனவரியில் காட்டிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. வேஷத்தைக் கலைத்து, சாம்பல் நிறத்தில் வீடியோ பிளேயர்போல் மறுபடி வடித்தார்கள். கேசட்டை மேலிருந்து செருகாமல் முன்பக்கம் கதவு திறந்து தள்ள வேண்டும். பொம்மை என்று நம்பவைக்க ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்தார்கள். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி கொடுத்து, அக்டோபரில் நியூயார்க் கடைகளில் வைத்தார்கள். விற்றது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெளியாகியிருந்தது. டாங்கி காங்கில் ஏணியேறிய மீசைக்காரர்தான் இப்போது குழாய்க்குள் புகுந்து புறப்பட்டார். அந்த ஒரு ஆட்டம் மட்டும் 4 கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்க வடிவத்தில் முன்பக்கம் செருகும் அமைப்பு சீக்கிரமே தளர்ந்து, கேசட்டின் வாயில் ஊதி ஊதிச் செருகும் பழக்கம் பிள்ளைகளிடையே பரவியது. ஆனால் அமெரிக்கப் பெட்டிக்குள் வெளியே தெரியாத இன்னொரு மாற்றமும் இருந்தது. அனுமதி பெறாத கேசட்டை ஓடவிடாமல் தடுக்கும் பூட்டுச் சிப் அது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் கதை தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது.

பூட்டில்லாத ஜப்பானியப் பெட்டியைத் தைவானிலும் பிறகு சீனாவிலும் நகலெடுக்கத் தொடங்கினார்கள். ரிக்கோவின் பொறியாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துச் செதுக்கிய சிப்புகள் அனைத்தும் ஒரே சிப்புக்குள் அடங்கின. பலகையின் மேல் ஒரு சொட்டுக் கருப்புப் பிசின் வைத்து மூடினால் வேலை முடிந்தது. 1992இல் ரஷ்யாவில் அது டெண்டி, போலந்தில் பெகாசஸ். இங்கே அதற்குப் பெயரே தேவைப்படவில்லை. பர்மா பஜார் தொடங்கி ஊர் ஃபேன்சி ஸ்டோர் வரை அது வெறும் ‘டிவி கேம்’. கூடவே ‘9999 இன் 1’ என்று அச்சடித்த மஞ்சள் கேசட். உள்ளே இருப்பதோ மாரியோ, கான்ட்ரா, டக் ஹன்ட், சர்க்கஸ், டாங்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். மிச்சமெல்லாம் அதே ஆட்டங்கள் வேறு பெயரில். கோடை விடுமுறையில் ஒரு தலைமுறையே தரையில் சம்மணமிட்டு ஆடித் தீர்த்தது உவேமுராவின் பெட்டியைத்தான். அவர் பெயர்தான் அதில் எங்கும் இல்லை.

நின்டெண்டோ 2003இல் ஃபேமிகாம் தயாரிப்பை நிறுத்தியது. யமாவுச்சி 2013இல் காலமானார். ஓய்வுக்குப் பிறகு கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுகள் நடத்திய உவேமுரா 2021 டிசம்பரில் மறைந்தார். ஓராண்டுக்காவது யாரும் நகலெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிறந்த அந்தப் பெட்டிதான், உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட விளையாட்டுப் பெட்டிகளுள் முன்னால் நிற்கிறது. ஜப்பானிய, அமெரிக்க வடிவங்கள் சேர்த்து நின்டெண்டோ விற்றது 6 கோடியே 19 லட்சம். போலிகளுக்குக் கணக்கே கிடையாது.